வருத்தம் மாறும்வரை

தேநீரில் சீனி கொஞ்சம் கூடிப்போய்விட்டது, பரவாயில்லை. இந்த அலுவலகத்தில் தேநீர் கேட்டால் கடுதாசிக் கோப்பையில் வெந்நீரும் ஒரு தேயிலைப் பையும் ஆறு சீனிப் பொட்டலமும் தருகிறார்கள். தம்பி பிரவீனன் ஆறையும் கொட்டிவிட்டார். எங்கள் ஆட்கள் இப்படித்தான் குடிப்பார்கள் என்று தன் அம்மாவைப் பார்த்து நினைத்திருப்பார். இந்த நாட்டில் பிறந்து பொலிசில் சேர்ந்த பிள்ளை என்றாலும் மரியாதை தெரிந்தவர். "அன்ரி, ஆறுதலா எழுதுங்கோ. ஒரு அவசரமும் இல்லை" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

எழுதித் தருகிறேன் என்று கேட்டது நான்தான். நேற்று உங்கள் மேலதிகாரி ஆங்கிலத்தில் கேட்க, தொலைபேசியில் ஓர் இந்தியத் தமிழ்ப் பெண் அதைத் தமிழில் சொன்னார். என் ஆங்கிலம் வேலைக்குக் காணும், வாக்குமூலத்துக்குக் காணாது. கடைசியில் அந்தப் பெண், "உங்களுக்கு வருத்தம் இருக்காம்மா?" என்று கேட்டார். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, தங்கச்சிக்குத்தான் வருத்தம் என்றேன். எங்கள் பக்கத்தில் வருத்தம் என்றால் நோய். காய்ச்சலும் வருத்தம்தான், சலரோகமும் வருத்தம்தான். மேலதிகாரி பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்த பிறகுதான், செய்ததை நினைத்து மனம் நோகிறதா என்று கேட்டிருக்கிறார்கள் என்பது விளங்கியது.

அந்தப் பெண்ணில் பிழை இல்லை. அவர் தன் ஊர்ச் சொல்லைச் சொன்னார், நான் என் ஊர்ச் சொல்லைச் சொன்னேன். இப்படி ஒரு பிழை எங்கள் வீட்டில் முன்பும் ஒரு தடவை நடந்தது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

என் பெயர் பேர்ணடெற். வயது ஐம்பத்தெட்டு. ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் பத்தொன்பது வருடமாகப் பராமரிப்பு வேலை செய்கிறேன். இறந்துபோனவள் என் ஒரே தங்கை வேரோனிக்கா. அம்மா மன்னாரில் செத்தபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபத்து மூன்று. பிறகு அவளுக்குத் தலை இழுத்துப் பின்னியதும் சட்டை தைத்ததும் நான்தான். எனக்குக் கலியாணம் பேசி வந்த இரண்டு பேரும் தங்கச்சியை எங்கே விடப்போகிறாய் என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் முதலில் இங்கே வந்தேன். போர் முடிந்த பிறகு அவளும் அகதியாக வந்து சேர்ந்தாள். விமான நிலையத்திலிருந்து கூட்டிவந்த நாள் முதல் மார்க்கம் வீதியில் பதினாலாம் மாடியில் எங்கள் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து அறை.

வேரோனி மில்லிக்கன் பக்கம் ஒரு வெதுப்பகத்தில் கேக்குக்கு ஐசிங் பூ வைக்கிற வேலை செய்தாள். பெயரைத் தமிழில் எழுதித் தருகிற கை அந்தக் கடையில் அவளுடையது ஒன்றுதான். நிலாணி, அட்சயா என்று சுழி பிசகாமல் எழுதுவாள். போன வருடத்துக்கு முந்தின டிசம்பரில் ஒரு குழந்தையின் முதலாவது பிறந்தநாள் கேக்கில் எழுத்தெல்லாம் நெளிந்துபோய், தாய் கேக்கைத் திருப்பிக் கொண்டுவந்தார். வேரோனி வீட்டுக்கு வந்து இரண்டு கையையும் மேசையில் விரித்துக் காட்டினாள். விரல்கள் தாமாக நடுங்கின.

அதற்கு முன்பே எனக்குச் சந்தேகம் இருந்தது. மூன்று நேரமும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மெலிந்துகொண்டு போனாள். வெளியே பனி கொட்ட, பல்கனிக் கதவைத் திறந்துவிட்டு வேர்க்கிறது என்பாள். பெட்டகத்தை இழுத்து எல்லாத் துணியையும் நிலத்தில் போட்டு மடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டுக் கோழி வெட்டப் போவாள். ஒரு கதை சொல்லி முடிக்குமுன் அடுத்த கதை. கழுத்தில் நாடி அடிப்பது எதிரே இருக்கிற எனக்குத் தெரியும். ஒரு நிமிடம் இரு என்று கையைப் பிடித்து இருத்தினால் கண் கலங்கும், உடனே சிரிப்பாள், உடனே எழும்பிப் போவாள். அவளைப் பார்த்துக்கொண்டிருந்து எனக்கே மூச்சு வாங்கும்.

அந்த நாட்களில்தான் ஒரு காலை அவள் சொன்னாள், பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு, என்னைப் பார்க்காமல்.

"அக்கா, நான் எட்மண்டன் போகப்போறன். சூசைதாசன் கேட்டவர். நான் ஓமெண்டிட்டன்."

சூசைதாசன் மன்னார் ஆள். மனைவி இறந்தவர், எட்மண்டனில் லொறி திருத்துகிறார். கோடையில் மிட்லண்ட் திருத்தலத்துக்கு எங்கள் ஆட்கள் பஸ் பிடித்துப் போகிறபோது, பாட்டுக் குழுவில் இவள் பாட, விடுமுறையில் வந்திருந்த அவர் கீபோட் வாசித்தாராம். எனக்கு அவரில் ஒரு கோபமும் இல்லை. நல்ல மனிதர்தான் போலும். எட்மண்டனுக்கு இங்கிருந்து விமானத்தில் நாலு மணித்தியாலம்.

எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நான் சண்டை பிடிக்கவில்லை. அடுத்த கிழமை மருத்துவர் இரத்தம் பார்த்துவிட்டு, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்கிறது, அதுதான் உடம்பும் மனமும் இப்படி ஓடுகிறது என்று சொன்னார். கோபம், அழுகை, நித்திரையின்மை, யோசிக்காமல் எடுக்கிற முடிவுகள், எல்லாம் இந்த வருத்தத்தில் வருமாம். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்டபோது எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. எட்மண்டன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

பஸ்ஸில் வரும்போது அவளிடம் சொன்னேன். வருத்தம் மாறட்டும், பிறகு கலியாணத்தைக் கதைப்பம் என்றேன். அவள் உடனே சம்மதித்தாள். "ஓம் அக்கா. வருத்தம் மாறினாப் பிறகு போறன்" என்றாள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இது அவள் தந்த வாக்கு.

மருந்து சின்ன வெள்ளைக் குளிசை, நாளுக்கு நாலு. சுரப்பியை அடக்குகிற மருந்து. மருத்துவர் ஓர் எச்சரிக்கையும் சொன்னார். ஆயிரத்தில் சிலருக்கு இந்தக் குளிசை, இரத்தத்தில் கிருமியோடு சண்டை பிடிக்கிற வெள்ளை அணுக்களை இல்லாமல் பண்ணிவிடுமாம். அதனால் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் சாதாரணச் சளி, தடிமன் என்று இருந்துவிடக் கூடாது. நான் அதை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். 'காய்ச்சல் அல்லது தொண்டை நோ வந்தால் குளிசையை நிறுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் பார்க்கவும்.' அந்தத் தாள் உங்களிடம் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான்.

கொஞ்சம் எழும்பி நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன். இந்தக் கதிரையின் ஒரு கால் ஆடுகிறது.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது விளங்கும். எங்கள் இல்லத்தில் மறதி வருத்தக்காரர் ஒரு மாடி முழுக்க இருக்கிறார்கள். பின்னேரம் ஆனால் சிலர் கைப்பையைத் தூக்கிக்கொண்டு கதவடிக்கு வந்துவிடுவார்கள். வீட்டுக்குப் போக வேண்டும், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வரப்போகிறார்கள் என்பார்கள். அதை நாங்கள் அறிக்கையில் எக்சிற் சீக்கிங் என்று எழுதுவோம். வாசலைத் தேடுதல். அவர்கள் எங்கே போகக் கேட்கிறார்கள் என்று எழுதுவதில்லை, எத்தனை தடவை தேடினார்கள் என்று மட்டும் எழுதுவோம். இருமல், சொறி மாதிரி அதுவும் வருத்தத்தின் ஒரு குறி. போகக்கூடாது என்று வாதாடக் கூடாது. பஸ் வரும், அதுவரைக்கும் இருந்து ஏதும் சாப்பிடுங்கோ என்று தோளைப் பிடித்து இருத்த வேண்டும். குளிசை விழுங்க மறுக்கிறவர்களுக்கு மருத்துவர் எழுதித் தந்திருந்தால் தாதி அதை நசுக்கி ஆப்பிள் கூழில் கலந்து தருவார், நான் கரண்டியால் ஊட்டுவேன். நான் ஊட்டினால் துப்பமாட்டார்கள் என்று அங்கே எனக்குப் பெயர் இருக்கிறது.

வேரோனியின் மருந்தையும் நான்தான் பார்த்தேன். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் ஏழு மூடி உள்ள நீலப் பெட்டியை நிரப்பிவிடுவேன். வசந்தம் வர அவள் நடுக்கம் குறைந்தது. கோடையில் உடம்பு தேறியது. கேக்கில் மறுபடி பெயர் எழுதினாள். செப்டெம்பரில் இரத்தம் எல்லாம் சரி என்று வந்தது. இனி நாளுக்கு ஒரு குளிசை போதும், ஆறு கிழமைக்குப் பிறகு இன்னொரு தடவை இரத்தம் பார்க்கலாம் என்று மருத்துவர் படிவம் தந்தார். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்தான் மூன்று மாதத்துக்குரிய பெரிய போத்தல் வாங்கியிருந்தோம். மிச்சத்தை மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார்கள்.

அன்றைக்கு பஸ்ஸில் அவள் யன்னலோரம் இருந்தாள். கை மடியில் அசையாமல் கிடந்தது. நிதானமாகத்தான் சொன்னாள்.

"அக்கா, வருத்தம் மாறியிட்டுது. மாசியிலை தவசுகாலம் தொடங்க முன்னம் கலியாணத்தை வைப்பமெண்டு அவர் சொல்லுறார். நீங்களும் வந்து எங்களோடை இருக்கலாம்."

நான் அவளை நன்றாகப் பார்த்தேன். நடுக்கம் இல்லை, வேர்வை இல்லை, கழுத்தில் நாடி துள்ளவில்லை. ஆனால் போகப்போகிறேன் என்பது மட்டும் அப்படியே இருந்தது. ஜனவரியில் பாணுக்குப் பட்டர் பூசிக்கொண்டு சொன்ன அதே கதை. எல்லாக் குறியும் போய் ஒரு குறி போகாமல் நின்றால், வருத்தம் மாறிவிட்டது என்று எப்படிச் சொல்வது? இரத்தம் பார்க்கிற இயந்திரம் மனிதரின் கதையைக் கேட்பதில்லை. பத்தொன்பது வருடம் இந்த வேலை செய்கிற எனக்கு அது தெரியும்.

அந்த ஞாயிறு நீலப் பெட்டியில் மூடிக்கு ஒரு குளிசை போட்டேன். அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நீங்கள் பெட்டியைத் திறந்து பார்த்தீர்கள், மூடிக்கு ஒன்றுதானே இருந்தது. அதில் நான் ஒரு பிழையும் விடவில்லை.

பின்னேரம் அவள் வேலையால் வந்ததும் ஒரு கிண்ணம் மாம்பழ யோகட் கொடுப்பேன். அது அவளுக்கு விருப்பம். நான்கு மாதத்தில் ஒரு நாளும் தவறாமல் கொடுத்தேன். வேலை நாளில் கலந்து பிரிட்ஜில் வைத்துவிட்டுப் போவேன், மேலே அவள் பெயரை எழுதி ஒட்டி. மிச்ச மூன்று குளிசையும் அதற்குள் இருக்கும். நசுக்குகிற கருவியை மருந்துக் கடையிலேயே வாங்கினேன். யாருக்கு என்று கேட்டார்கள். விழுங்க முடியாத ஒரு ஆளுக்கு என்றேன்.

நஞ்சு வைத்தேன் என்று உங்கள் தாளில் இருக்கிறதாம். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. அவளுக்கு மருத்துவர் எழுதிய மருந்து, அவர் முதலில் எழுதிய அளவு, ஒன்றுகூடக் கூட்டிக் கொடுக்கவில்லை.

ஒக்டோபர் கடைசியில் பலன் தெரிந்தது. அவள் வேலையால் வந்து சோபாவில் இருந்தால் எழும்பமாட்டாள். வீட்டுக்குள்ளும் குளிர்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு, காலை மடக்கிக்கொண்டு, தொலைக்காட்சியைப் பார்த்தபடி இருப்பாள். முகம் கொஞ்சம் ஊதி, பழைய சின்னப் பிள்ளை முகம் திரும்பி வந்தது. நான் தலை இழுத்துவிட்டேன், முடி நிறையக் கையோடு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செபமாலை சொன்னோம். சொல்லும்போதே தூங்கிவிடுவாள், நான் அவள் பங்கையும் சொல்லி முடிப்பேன். குரல் கரகரத்துப்போய்ப் பாட்டுக் குழுவுக்குப் போவதை நிறுத்தினாள். வெதுப்பகத்தில் நாளுக்கு இருபது கேக் முடித்தவள் ஆறு முடிக்கவில்லை என்று வாரத்தில் இரண்டு நாளாகக் குறைத்தார்கள். நல்லது என்றேன். அவள் இங்கே வந்த பதின்மூன்று வருடத்தில் எனக்குக் கிடைத்த சந்தோசமான காலம் அதுதான், உண்மையைச் சொல்வதானால்.

சூசைதாசன் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்தார். அவள் கதைத்துக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடிவிடுவாள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை நிமிடம் ஆகும். பிறகு நான் எடுத்து, படுத்திட்டாள் தம்பி என்று சொல்லத் தொடங்கினேன். ஒரு நாள் அவர் என்னிடமே கேட்டார். "அக்கா, வேரோனிக்கு என்னிலை விருப்பம் விட்டுப்போச்சோ? ஒளிக்காமல் சொல்லுங்கோ." அவளுக்கு இப்போது அந்தரமும் அவசரமும் குறைந்துவிட்டது, அவ்வளவுதான் என்று சொன்னேன். அவர் சரி என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு கிழமைக்கு ஒரு தடவை எடுத்தார்.

இரத்தம் பார்க்கிற படிவம் சமையலறை இழுப்பறையில் கிடந்தது. வேரோனி இரண்டு தடவை கேட்டாள். குளிர் குறையட்டும், ஆறுதலாப் போவம் என்றேன். அவளுக்கும் எழும்பிச் சப்பாத்துப் போடுவது பெரிய வேலையாக இருந்தபடியால் விட்டுவிட்டாள்.

இப்போது அந்தப் பிழையைச் சொல்கிறேன்.

டிசம்பர் தொடக்கத்தில் மருத்துவர் தொலைபேசியில் பார்க்கிற நாள் வந்தது. இப்போது எல்லா மருத்துவரும் அப்படித்தானே, ஆளைக் காணாமலே பார்த்துவிடுகிறார்கள். அந்த மருத்துவர் இளம் பெண், ஒழுங்கு பார்க்கிறவர். வீட்டு ஆட்கள் மொழிபெயர்க்கக் கூடாது, அவர்கள் தங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுவார்கள் என்பது அங்கே சட்டம். அதனால் மொழிபெயர்க்க ஒரு பெண்ணை இணைத்தார். இந்தியாப் பக்கத்துக் குரல், பாசமான குரல். நான் தொலைபேசியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினேன். வேரோனி கம்பளியைப் போர்த்திக்கொண்டு எதிரே இருந்தாள்.

"எப்படி இருக்கீங்கம்மா? டாக்டர் கேக்கறாங்க."

வேரோனி வெகுநேரம் யோசித்தாள். நான் யோகட் கிண்ணத்தை எடுத்துவந்து மேசையில் வைத்தேன். அவள் எல்லாவற்றையும் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. சொல்லவும் செய்தாள்.

"எனக்கு எல்லாம் ஆறுதலாத்தான் நடக்குது. நடக்கிறது, கதைக்கிறது, யோசிக்கிறது, எல்லாம் ஆறுதல்."

தம்பி பிரவீனனுக்கு இது விளங்கும், காலையில் அவரே என்னை ஆறுதலா எழுதச் சொன்னவர். எங்கள் பேச்சில் ஆறுதலாக என்றால் மெதுவாக. என் உடம்பும் மூளையும் மந்தமாகிவிட்டது என்று என் தங்கை மருத்துவரிடம் முறையிட்டாள். அந்த இந்தியப் பெண்ணுக்கு ஆறுதல் என்றால் மனநிம்மதி. நடப்பதிலும் பேசுவதிலும் சிந்திப்பதிலும் இவருக்கு இப்போது நல்ல நிம்மதி இருக்கிறதாம் என்று அழகாக ஆங்கிலத்தில் சொன்னார். மருத்துவர் சந்தோசப்பட்டார். விசைப்பலகையில் தட்டுகிற சத்தம் எங்கள் மேசையில் கேட்டது. குரல் அடைத்திருக்கிறதே என்று மட்டும் கேட்டார். தடிமனாக இருக்கும் என்று நான் ஆங்கிலத்தில் சொன்னேன். இரத்தப் பரிசோதனை இன்னும் வரவில்லை, கிறிஸ்மஸுக்குப் பிறகாவது செய்துவிடுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

வேரோனிக்கு ஆங்கிலம் குறைவு, ஆனால் ஹப்பி என்ற சொல் விளங்கும். அவள் என்னைப் பார்த்தாள். "ஏன் அக்கா அவ அப்பிடிச் சொன்னவ?" என்று கேட்டாள். பிழையைத் திருத்துவதற்கு எனக்கு ஒரு வசனம் போதும். தொலைபேசி என் கைக்குள் இருந்தது, திரும்ப எடுக்கிற இலக்கமும் இருந்தது. மருத்துவர் சந்தோசமாம், அதைத்தான் சொன்னவ என்று சொல்லி, கிண்ணத்தை அவள் பக்கம் தள்ளிவிட்டேன். அவளும் சரி என்று சாப்பிட்டாள்.

அந்தக் கிழமைதான் கோயிலில் புது வருடக் கலண்டர் தந்தார்கள். அது பழையதைவிடப் பெரியது. மாட்டுவதற்கு இடம் காணாமல் பிரிட்ஜ் கதவிலிருந்த தாளைக் கழற்றினேன்.

மறுபடி எழும்பிவிட்டேன். மன்னிக்கவும். கதவிலுள்ள கண்ணாடியால் தம்பி பிரவீனன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஜனவரி இரண்டாம் வாரம் திங்கட்கிழமை அவளுக்குத் தொண்டை நோ தொடங்கியது. வாய்க்குள் பார்த்தேன், வெள்ளையாகப் புண் இருந்தது. செவ்வாய் காலை உடம்பு கொதித்தது. வெளியே பனிப்புயல் என்று சொன்னார்கள், ஆனால் பஸ் ஓடியது. அதையும் எழுதிவிடுகிறேன், நீங்கள் எப்படியும் விசாரிப்பீர்கள்.

செவ்வாய் பத்து மணிபோல அவள் சுவரைப் பிடித்துப் பிடித்துச் சமையலறைக்கு வந்தாள். பிரிட்ஜுக்கு முன்னால் நின்றாள். கலண்டரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு ஒரு கையால் அதன் தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தாள்.

"அக்கா, தொண்டை நொந்தா என்னமோ செய்யச் சொன்னவை. எனக்கு ஞாபகம் வருகுதில்லை."

நான் அடுப்படியில் நின்றேன். அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் நின்றேன்.

"கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொன்னவை" என்றேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போகத் தேவையில்லையோ?"

"நாளைக்கு ஆறுதலாப் போவம்."

அவள் கதிரையில் இருந்து, நான் ஆற்றிக் கொடுத்த கொத்தமல்லித் தண்ணீரை ஒவ்வொரு மிடறாகக் குடித்தாள். விழுங்க நோகிறது என்று கண்ணால் தண்ணீர் வந்தது. ஆனாலும் நான் தந்ததால் முழுக்கக் குடித்தாள். அன்று பின்னேரம் யோகட்டும் கொடுத்தேன். குளிர்ச்சியாக இருக்கிறது, தொண்டைக்கு நல்லது என்றாள்.

ஏன் போகவில்லை என்று உங்கள் மேலதிகாரி மூன்று தடவை கேட்டார். ஆஸ்பத்திரியில் முதல் வேலையாக இரத்தம் எடுப்பார்கள். எடுத்தால் தைரொயிட்டையும் பார்ப்பார்கள். பார்த்தால் யோகட்டை நிறுத்த வேண்டி வரும். நிறுத்தினால் இரண்டு மாதத்தில் அவள் பழையபடி எழும்பி, உடுப்பை மடித்து, எட்மண்டனுக்குப் போவாள். ஒரு தொண்டை நோவுக்காக இவ்வளவையும் விடுவதா என்று நினைத்தேன். ஆயிரத்தில் சிலருக்குத்தானே.

புதன் காலை நான் கூப்பிட அவள் கண் திறக்கவில்லை. படுக்கை விரிப்பை மாற்றி, முகம் துடைத்து, தலை இழுத்துவிட்டு, அம்புலன்சைக் கூப்பிட்டேன். வெள்ளை அணு ஒன்றுகூட இல்லை, கிருமி இரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் குளிசையை நிறுத்தியே காப்பாற்றியிருக்கலாம் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னார். குளிசை நாளுக்கு ஒன்றுதானே என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார், தைரொயிட் ஏன் இப்படி விழுந்து கிடக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஒன்றுதான் என்றேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் போய்ச் சேர்ந்தாள். சூசைதாசன் சனிக்கிழமை வந்திறங்கினார். கையில் ஒரு சேலைப் பெட்டி வைத்திருந்தார், அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் செத்தவீடு முழுக்க வைத்துக்கொண்டே நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

பிரிட்ஜில் இருந்த தாளை நீங்கள் என் கைப்பைக்குள் கண்டெடுத்தீர்கள். ஏன் எறியவில்லை என்று கேட்டீர்கள். என் கையால் எழுதியது, தெளிவான எழுத்து, எறிய மனம் வரவில்லை.

ஆகவே, நீங்கள் கேட்டபடி சுருக்கமாக எழுதுகிறேன். செப்டெம்பர் முதல் ஜனவரி வரை என் தங்கை வேரோனிக்காவுக்குத் தெரியாமல் நாளுக்கு மூன்று குளிசை கூடுதலாகக் கொடுத்தது நான். தொலைபேசியில் நடந்த பிழையைத் தெரிந்துகொண்டு திருத்தாமல் விட்டது நான். தாளைக் கழற்றியது நான். தொண்டை நோ என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் தெரிந்திருந்த ஒரே ஆளும் நான். அவள் போகாமல் இருப்பதற்காகச் செய்தேன். அந்த நான்கு மாதமும் அவள் ஒரு தடவைகூட எட்மண்டன் என்று சொல்லவில்லை, மருந்து தன் வேலையைச் செய்தது. வருத்தம் மாறினாப் பிறகு போறன் என்று அவளே சொன்னவள், மாறுமுன் போய்விட்டாள்.

இன்னும் ஒன்று. அவள் போன பிறகு எனக்கு ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. இந்த ஆறு தாளை எழுதுவதற்குள் எத்தனை தடவை எழும்பினேன் என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். நித்திரை இல்லை. நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. அவளுடைய அறையில் துணியெல்லாம் எடுத்து மடிக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். இந்தக் கடைசிப் பக்கத்தில் என் எழுத்து எப்படி நெளிகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள். ஒரு சகோதரிக்கு வந்தால் மற்றவளுக்கும் வரலாம் என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் நானாகப் போய் இரத்தம் கொடுத்தேன். எல்லாம் சரி, உங்களுக்குத் தைரொயிட்டில் ஒன்றும் இல்லை என்றார்கள்.

நேற்று அந்தப் பெண்ணுக்கு நான் சொன்ன பதிலைத் திருத்திக்கொள்ளுங்கள். எனக்கும் வருத்தம் இருக்கிறது. கழுத்தில்தான் இருக்கிறது. இரத்தம் பார்த்தவர்கள் பிழை விட்டிருப்பார்கள்; நாளுக்கு நாலு குளிசை தந்து பாருங்கள், நான் அசையாமல் இருப்பேன்.